எத்தனை மணிக்கு?

(எம்.எஸ்ஸி. இயற்பியல், முதலாமாண்டு மாணவன்)

எங்கள் தொப்பம்பட்டிக்காரர்கள் வானம் பார்க்கத் தெரிந்தவர்கள். பழனிக்கு வடக்கே, மழை குறைந்த சமவெளியில், கிணற்றையும் மேகத்தையும் நம்பி மக்காச்சோளமும் முருங்கையும் வெங்காயமும் விளைவிக்கிறவர்களுக்கு வானம் பார்ப்பது பொழுதுபோக்கன்று; பிழைப்பு. ஆனால் அவர்கள் பார்ப்பதெல்லாம் பகல் வானம். இரவு வானத்தைப் பார்ப்பதற்கென்று எங்கள் தெருவில் ஒருவர்தான் இருந்தார். அவர் என் பெரியப்பா.

பெரியப்பாவுக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. படிப்பு பத்தாம் வகுப்போடு முடிந்துபோயிற்று. கோயம்புத்தூரில் யாரோ சொல்லிக்கொடுக்கக் கேட்டு வந்து, ஆறு அங்குல வட்டக் கண்ணாடி ஒன்றைக் கார்பரண்டம் தூள் போட்டு மாதக்கணக்கில் தேய்த்து, அதற்கு வெள்ளிப்பூச்சுப் போன்ற அலுமினியப் பூச்சும் பூசி வாங்கி, பிளாஸ்டிக் குழாயில் பொருத்தித் தாமே ஒரு தொலைநோக்கி செய்துகொண்டார். மொட்டை மாடியில் அது நின்ற கோலத்தைப் பார்த்து ஊரார் அதற்கு 'பீரங்கி' என்று பெயர் வைத்தார்கள். பெரியப்பாவும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டார்.

பீரங்கியை விட அவர் அதிகம் மதித்தது ஒரு கணக்கு நோட்டை. அதில் கோடு போட்டு ஐந்து கட்டங்கள் பிரித்திருப்பார். நாள், மணி, இடம், வானத்தின் நிலை, கண்டது. ஒவ்வொரு இரவும் ஒரு வரி. பல வரிகளில் 'கண்டது' என்ற கட்டத்தில் 'காணவில்லை' என்றுதான் எழுதியிருக்கும். சிறுவனாக இருந்தபோது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. காணாததை எதற்கு எழுதி வைக்க வேண்டும்?

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

2015ஆம் ஆண்டு ஜனவரி 26. நான் ஐந்தாம் வகுப்பு. காலையில் பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தவனிடம் பெரியப்பா சொன்னார்: "இன்னிக்கு ராத்திரி ஒரு கல்லு நம்மளைத் தாண்டிப் போகுது கண்ணு. முழிச்சிருக்கயா?"

கல் என்றால் சாதாரணக் கல்லன்று. '2004 பி.எல். 86' என்று பெயரிடப்பட்ட குறுங்கோள். குறுங்கோள்கள் ஞாயிற்றைச் சுற்றிவரும் பாறைகள். பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே அடங்கிக் கிடக்கின்றன. சில மட்டும் பாதை விலகி நம் பக்கம் வந்து போகின்றன. ஞாயிற்றிலிருந்து பூமிக்குள்ள தூரத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஞாயிற்றை 1.3க்குள் நெருங்கிவரும் குறுங்கோள்களைப் பூமியண்மைக் குறுங்கோள்கள் என்கிறார்கள். இன்று நமக்குத் தெரிந்த இத்தகையவற்றின் எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அன்றிரவு வந்தது சுமார் 325 மீட்டர் அகலமுள்ளது. நம் நேரப்படி இரவு 9 மணி 50 நிமிட அளவில் பூமிக்கு 12 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், அதாவது நிலவைப் போல் மூன்று மடங்குத் தொலைவில் அது கடந்து சென்றது. அதன் ஒளி ஒன்பதாம் தரம். வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய மிக மங்கலான விண்மீனைக் காட்டிலும் பதினாறு மடங்கு மங்கல். பீரங்கிக்கு அது எளிய இரைதான்.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையில் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. காவடிப் பாட்டும் அரோகராவும் மாடிவரை கேட்டன. "அவங்க பூசத்துக்குப் போறாங்க. நம்ம கல்லும் பூசத்துக்குத்தான் போகுது" என்றார் பெரியப்பா. விளையாட்டுப் பேச்சன்று. தெற்கே இருந்து வடக்கு நோக்கி ஏறிய அந்தக் குறுங்கோள் விடியும்போது ஆயில்ய நட்சத்திரத்தின் பக்கம் வந்து, மறுநாள் நமக்குப் பகலாக இருக்கும் நேரத்தில் பூச நட்சத்திரத்தருகேயுள்ள விண்மீன் கொத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

எந்த நேரத்தில் அது எந்த இடத்தில் இருக்கும் என்ற பட்டியலைப் பெரியப்பா பழனியில் ஒரு கணினி மையத்தில் அச்செடுத்து வந்திருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. ஆனால் பட்டியலில் இருந்தது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணியைக் கூட்டினால்தான் நம் நேரம் வரும். அந்தக் கூட்டல் வேலையை என்னிடம் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் நம் நேரத்தை எழுதினேன்.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அன்று என் போர்வையைத் துளைத்தது. பத்தே கால் மணி முதல் தேடினோம். பட்டியல் சொன்ன இடத்துக்குப் பீரங்கியைத் திருப்புவோம். கண்டருவியில் தெரிகிற விண்மீன்களைப் பெரியப்பா படத்தோடு ஒத்துப் பார்ப்பார். எல்லாம் அசையாத விண்மீன்கள். பத்து நிமிடம் கழித்து அடுத்த வரி, அடுத்த இடம். மேற்கே அரை நிலா சாய்ந்துகொண்டிருந்தது. பதினொன்றே முக்காலுக்கு என் கண்கள் மூடிக்கொண்டன. தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்ததுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் பள்ளியில் ஆசிரியர் கேட்டார், "நேத்து ராத்திரி உங்க பெரியப்பா ஏதோ கல்லைப் பார்க்கப் போறதாச் சொன்னாரே, பார்த்தீங்களா?" வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. "பார்த்தேன் சார்" என்றேன். எப்படி இருந்தது என்று கேட்டார். "பளிச்சுன்னு வேகமா ஓடுச்சு சார்" என்றேன். அடுத்த நாள் வழிபாட்டுக் கூட்டத்தில் என்னை முன்னால் நிறுத்திக் கைதட்டச் சொன்னார்கள்.

செய்தி ஊரைச் சுற்றிக்கொண்டு பெரியப்பாவின் பட்டறைக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆயிற்று. மாலையில் நான் போனபோது அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுத் தாமிரக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்:

"எத்தனை மணிக்குக் கண்ணு பார்த்தே?"

"பத்து... பத்தரை இருக்குமுங்க பெரியப்பா."

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து வந்து என் முன் வைத்தார். பத்தே கால், காணவில்லை. பத்தரை, காணவில்லை. பத்தே முக்கால், காணவில்லை. அதற்குக் கீழே நான் படிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அவர் அடிக்கவில்லை, வையவும் இல்லை. "பார்க்கலைன்னு எழுதினா அதுவும் ஒரு கணக்குத்தான். அந்த நேரத்துல அந்த இடத்துல அது இல்லைன்னு ஆச்சு. பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதிட்டா, அப்புறம் நெசமாப் பார்த்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். பிறகு கம்பி சுற்றப் போய்விட்டார்.

மறுநாள் ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். கைதட்டியவர்களிடம் சொல்லும் துணிவு அப்போது வரவில்லை. இப்போது இந்த மலரில் எழுதுவது அந்தப் பாக்கியைத் தீர்ப்பதற்காகவும்தான்.

வயது ஏறி இயற்பியல் படிக்க வந்த பிறகுதான் பெரியப்பாவின் 'எத்தனை மணிக்கு' என்பதன் முழுப்பொருளும் எனக்கு விளங்கிற்று. அன்றைய குறுங்கோள் பூமியைக் கடந்த வேகம் விநாடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். பார்த்தவர் தம் கடிகாரத்தில் ஒரு விநாடி தவறினால் அந்தக் கல்லை 15 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிடுவார். மணி மட்டுமன்று, இடமும் அப்படித்தான். ஒரே விநாடியில் தொப்பம்பட்டியிலிருந்து ஒருவரும் சென்னையிலிருந்து ஒருவரும் அதைப் பார்த்திருந்தால், பின்னணி விண்மீன்களுக்கு நடுவே அது நிலவின் அகலத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு இடம் மாறித் தெரிந்திருக்கும். அந்தச் சிறு மாற்றத்தைக் கொண்டே தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஆகவே மணியும் இடமும் சொல்லாத காட்சி வெறும் கதை. மணியும் இடமும் சொல்லப்பட்டால், காயில் கட்டுபவர் கண்டதும் வானியலுக்குச் சான்றாகிவிடும்.

ஆர்வலர்களின் சான்றுக்கு அப்படி மதிப்பு உண்டா என்று சிலர் கேட்கலாம். எங்கள் மாடியிலிருந்து தெற்கே பார்த்தால் பழனிமலைத் தொடர் தெரியும். அந்த மலைமேல் கொடைக்கானலில் 1899 முதல் ஞாயிற்றை ஆராயும் நிலையம் நடந்துவருகிறது. அதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்த வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் சென்னை எழும்பூரில் தம் சொந்த ஆர்வத்தால் வைத்துக்கொண்ட வானாய்வுக் கூடத்தில் இருக்கிறது. அதைக் கம்பெனி ஏற்றது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. சென்னை வானாய்வகம் ஆயிற்று. அங்கேதான் 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தார்கள். பின்னர் 1988 பிப்ரவரி 17 அன்று ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு நம் கணித மேதை 'ராமானுஜன்' பெயர் சூட்டப்பட்டது. இவை இரண்டும் நம்மை நெருங்கிவராத தொலைவுக் குறுங்கோள்களே. ஆயினும் இந்த மரபெல்லாம் ஒரு தனி மனிதர் தம் வீட்டில் தொலைநோக்கி வைத்துக்கொண்டதிலிருந்து கிளைத்தது என்பதை மறக்கலாகாது.

நம் காலத்திலும் அப்படியே. 2013 பிப்ரவரி 15 அன்று '2012 டி.ஏ. 14' என்ற கல் பூமியின் தரைக்கு 27,700 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து சென்றது. அதை ஓராண்டு முன்பே கண்டுபிடித்தது ஸ்பெயின் நாட்டில் லா சாக்ரா மலையில் இயங்கிய குழு. அக்குழுவில் இருந்த ஹௌமே நோமென் தொழிலால் பல் மருத்துவர். உலகமே அந்தக் கல்லை எதிர்பார்த்துக் காத்திருந்த அதே நாளில், அதற்குத் தொடர்பே இல்லாத வேறொரு கல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்தது. சன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். ஞாயிறு இருக்கும் திசையிலிருந்து வந்ததால் அதை முன்கூட்டி யாரும் பார்க்கவில்லை. பார்த்து வைத்த கல் பேசாமல் போயிற்று. பார்க்காத கல் கதவைத் தட்டியது.

இனி 2025 பிப்ரவரிக்கு வருகிறேன். அப்போது நான் பி.எஸ்ஸி. மூன்றாமாண்டு. நம்மில் பலருக்கு அந்த வாரங்கள் நினைவிருக்கும். '2024 ஒய்.ஆர். 4' என்ற குறுங்கோள் 2032 டிசம்பர் 22இல் பூமியைத் தாக்கக்கூடும், விழக்கூடிய பாதையில் இந்தியாவும் இருக்கிறது என்று கைப்பேசிகள் அலறின. முதலில் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்கள். பிப்ரவரி 18இல் அது 3.1 சதவீதமாக ஏறியது. ஏறிக்கொண்டே போனால் என்ன ஆவது என்று விடுதியில் நண்பர்கள் கேட்டார்கள். ஊருக்குப் போனபோது, நிலம் விற்கலாமா வேண்டாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்கும் உள்ளூரக் கலக்கம்தான். பெரியப்பாவிடம் போனேன்.

அவருக்கு இப்போது அறுபத்தைந்து வயதாகிறது. சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்துவிட்டது. மங்கல் விண்மீன் எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. பீரங்கி சாக்குப்பை போர்த்தி மாடியில் நிற்கிறது. ஆனால் கேள்வி மாறவில்லை. "யாரு பார்த்தாங்க, எங்கிருந்து, எத்தனை மணிக்கு? எத்தனை ராத்திரி பார்த்திருக்காங்க?" என்றார்.

2024 டிசம்பர் 27இல்தான் சிலி நாட்டுத் தொலைநோக்கி அதைக் கண்டது, அதனால் இன்னும் சில வார அளவீடுகளே உள்ளன என்றேன்.

"அப்படின்னா ஆடு தொலைஞ்ச கதைதான். ஊர் பூராத் தேடறப்போ ஆடு நம்ம தோட்டத்துல இருக்க நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு. பாதி ஊர்ல இல்லைன்னு தெரிஞ்சா நம்ம தோட்டத்துக்கு நூத்துல ரெண்டாயிரும். அதுக்காக ஆடு நம்மளைப் பார்த்து நடந்து வருதுன்னு அர்த்தமா? தேடற இடம் சுருங்குது, அவ்வளவுதான். நம்ம தோட்டத்தையும் பார்த்துட்டா முடிஞ்சது."

புள்ளியியல் வகுப்பில் எனக்குப் பிடிபடாதது அந்த ஆட்டினால் பிடிபட்டது. அவர் சொன்னபடியே நடந்தது. அடுத்தடுத்த இரவுகளின் அளவீடுகள் சேரச் சேர, பிப்ரவரி 24க்குள் அந்த வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

அன்று மாலை, பழைய நோட்டுகளை இனி நீயே வைத்துக்கொள் என்று ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். இரவு தனியாக உட்கார்ந்து புரட்டினேன். 26-1-2015 என்ற பக்கம் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் கண்ணீரால் நான் படிக்காமல் விட்ட வரிகள் அதில் இருந்தன.

"12-10. நிலா மறைந்தது. காணவில்லை. 2-20. கணக்கைத் திரும்பப் போட்டேன். ஐந்தரைக்குப் பதில் ஐந்து மணி கூட்டியிருக்கிறது. பிழை என்னுடையது, சரிபார்த்திருக்க வேண்டும். 3-05. கண்டேன். ஒரு நிமிடத்தில் நகர்வு தெரிந்தது. சிறுவன் உறங்குகிறான், பனி. எழுப்பவில்லை."

நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. தவறு என் கூட்டலில். முழுநேரம் அரைமணியை விட்டுவிட்டேன். அதனால் அன்றிரவு நாங்கள், பேருந்து வருவதற்கு அரைமணி முன்பே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் போய் நின்றுவிட்டு, அது வந்து சேருமுன் அடுத்த நிறுத்தத்துக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறோம். பெரியப்பா அதைக் கண்டுபிடித்தார், கல்லையும் கண்டார். ஆயினும், பட்டறையில் நான் பொய் சொல்லி நின்றபோது, "உன் கணக்குத்தான் தப்பு" என்றோ, "நான் பார்த்துவிட்டேன்" என்றோ அவர் ஒரு சொல் சொல்லவில்லை. பிழையைத் தம் பெயரில் எழுதிக்கொண்டு கம்பி சுற்றப் போய்விட்டார். அந்தக் கல்லுக்குச் சுமார் 70 மீட்டர் அகலத்தில் ஒரு துணைநிலா இருப்பதை அமெரிக்காவில் கோல்ட்ஸ்டோன் ரேடார் நிலையம் அந்நாளில் கண்டறிந்தது. அதை நான் பின்னால் படித்துச் சொன்னபோதும், "அப்படியா" என்று கேட்டுக்கொண்டாரே தவிர, தாம் பார்த்ததைச் சொல்லவில்லை.

விடிந்ததும் நோட்டைக் கொண்டுபோய், "ஏன் பெரியப்பா அன்னிக்கே சொல்லலை?" என்று கேட்டேன்.

"எழுதித்தான் வெச்சிருந்தேனே. நீதான் படிக்கலை" என்று சிரித்தார்.

எழுதி வைப்பதன் பயன் எத்தகையது என்பதற்கு இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையோரங்களைச் சூறையாடியது. அதற்கு மறுநாள், வானியலார் வேறொரு கணக்கைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். அபோபிஸ் என்று பின்னர் பெயர் பெற்ற குறுங்கோள் 2029இல் பூமியில் மோத 2.7 சதவீத வாய்ப்பு என்று அன்றைய கணக்குச் சொல்லிற்று. துயரத்தில் மூழ்கிக் கிடந்த உலகம் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த அச்சத்தைத் தீர்த்தது புதிய தொலைநோக்கி எதுவுமன்று. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் எடுத்து வைத்திருந்த பழைய படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். எடுத்தவர்களே அறியாமல் அக்கல் ஒரு மங்கல் புள்ளியாக அவற்றில் பதிந்திருந்தது. நாளும் மணியும் சரியாகக் குறித்திருந்ததால், மோதல் இல்லை என்பது அன்றே உறுதியாயிற்று.

அபோபிஸ் வரத்தான் போகிறது, மோதாமல் வரப்போகிறது. முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பாறை தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களுக்கும் கீழே, கடந்து செல்லும். மிக நெருங்கும் நேரம் நம் கணக்கில் 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3 மணி 16 நிமிடம். அன்று சித்திரை முதல் நாள். பிறக்கும் ஆண்டின் பெயர் சௌமிய. சாந்தமானது என்று பொருள். அந்த நேரத்தில் அது அட்லாண்டிக் பெருங்கடல் பக்கம் போயிருக்கும். நம் அடிவானத்துக்குக் கீழே. அதற்கு முன்பு, அந்த இரவிலேயே, அது நம் வானத்தைக் கடக்கும். உச்ச ஒளி மூன்றாம் தரம். நம் பக்கம் இருக்கும்போது அதைவிடச் சற்று மங்கல். என்றாலும் தெளிந்த வானமும் விளக்கில்லாத இடமும் இருந்தால் கருவியில்லாத கண்ணுக்கே எட்டும்.

"அது எனக்கே தெரியுமல்லடா?" என்று பெரியப்பா இப்போது அடிக்கடி கேட்கிறார். மருத்துவர் சொன்ன மாத்திரைகளை முன்பு மறந்துபோகிறவர், இப்போது மறப்பதில்லை.

நண்பர்களே, அன்றிரவு எங்கள் மாடிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். பீரங்கியின் சாக்கை எடுத்துக் கண்ணாடியை மறுபடி பூசக் கொடுத்திருக்கிறேன். நோட்டில் அந்த நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன். நாள் எழுதியாயிற்று; இடம் தொப்பம்பட்டி என்று எழுதியாயிற்று. ஐந்தரை மணியைக் கூட்டி மூன்று முறை சரிபார்த்து, மணியையும் எழுதப் போனேன்.

பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை இப்பவே எழுதாதே கண்ணு. பார்த்துட்டு எழுது."